எரிக்காமல் விட்ட மலர் ரீச்சர்

பழைய பாடசாலைக் காவலாளி தொலைபேசியில் அழைத்தபோது நான் நெடுங்கேணிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மலர் ரீச்சர் செத்துப்போனா, சேர்." காய்களைத் திரும்பக் குவியலில் போட்டேன்.

அவருடன் கற்பித்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கணிதம், அவர் ஆங்கிலம். முன்னொட்டுகள்தான் அவருக்குப் பிடித்த பாடம். "டிஸ்பிளேஸ்ட் எண்டு செட்டிகுளம் முகாமுக்கு ஏத்திச்சினம். ரீசெட்டில்ட் எண்டு கொண்டுவந்து இறக்கிச்சினம். இடையில எப்ப செட்டில் ஆனனாங்கள், மாஸ்டர்?" என்பார்.

'அன்' இரண்டு வேலை செய்யும் என்று கரும்பலகையைப் பிரிப்பார். 'அன்ஹாப்பி'யில் அது வெறுமனே 'இல்லை' என்னும். 'அன்லொக்'கில் செய்ததைத் திருப்பும், பூட்டியதைத் திறக்கும். ஒரு மாணவி பரீட்சையில் 'அன்பேர்ன்' என்று எழுதி, 'சாம்பலை விறகாக்குதல்' என்று பொருளும் தந்திருந்தாள். "எரிச்சதைத் திருப்பேலாது பிள்ளை, இங்கிலிஷாலயும் ஏலாது" என்று சொல்லிவிட்டு, ஆசைக்காக அரைப் புள்ளி போட்டார்.

போர் முடிந்தபோது தன் ஒரே மகனைத் தானே கூட்டிச்சென்று இராணுவத்திடம் கையளித்தவர் அவர். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். இன்னும் விசாரிக்கிறார்கள் போலும். மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன அலுவலரிடம், "தம்பி, அவன் வந்தால் டீரெஜிஸ்டர் பண்ணுவீங்களோ?" என்று கேட்டார். அதற்கு வேறு படிவம் இருப்பதாக அலுவலர் சொன்னார். ரீச்சர் எழுந்து வந்துவிட்டார்.

செத்தவீட்டில் அவருடைய தமையன் விறகு அடுக்குவித்து, கொள்ளி வைக்கத் தன் மகனையும் ஆயத்தப்படுத்தியிருந்தார். மருத்துவமனையில் ரீச்சர் என்னிடம் எழுதித் தந்த கடிதத்தை நீட்டினேன்.

"என்னை எரிக்காதேங்கோ. தாட்டுவிடுங்கோ. கொள்ளி என்ரை பிள்ளைக்குரியது. அவன் வந்து தோண்டியெடுத்து எரிக்கட்டும்."

"எங்கடை ஆக்களைப் புதைக்கிறேல்லை, மாஸ்டர்," என்றார் தமையன். பிறகு குரல் இறங்கியது. "அவன் வருவான் எண்டு நீங்களும் நம்புறியளோ?"

வாழ்நாள் முழுவதும் விடையைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"ஓம்" என்றேன்.

விறகை இறக்கினார்கள். குழி வெட்டினார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஓர் அளவு: சுடலையின் வடக்கு வேலியோரம், பாலை மரத்திலிருந்து ஒன்பது அடி. மகன் வந்தால் இடம் காட்ட ஆள் வேண்டும். எனக்கு நீரிழிவு, கண்ணும் மங்கிவிட்டது. மழையில் மேடு கரைந்துவிட்டது. போன வாரம் இரண்டு தரம் அளந்தேன். இரண்டு தரமும் ஒரே இடம் வரவில்லை. உங்களில் வயது குறைந்த ஒருவராவது சீக்கிரம் வந்து பாருங்கள்.