பஞ்சநதத்தின் நெய் உண்ணாவிரதம்

எங்கள் ஊர் பஞ்சநதத்துக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள்தான் உயிர். ஒன்று, மயிலாடுதுறை சாலையோரம் உள்ள அவருடைய நஞ்சை. இன்னொன்று நெய். இரண்டுக்கும் ஒரே வருஷத்தில் ஆபத்து வந்தது.

முதலில் நெய்க்கு. நெஞ்சுவலியில் வரப்பிலேயே சுருண்டு விழுந்தவரைப் பிழைக்கவைத்துக் கூட்டிவந்த அன்றே, அவர் மனைவி சாவித்திரி நெய்ச்சட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்த வீட்டில் நகைக்குக்கூட அத்தனை காவல் கிடையாது. மனிதர் சும்மா இருப்பாரா? பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நெய்யில இருக்கிற கொழுப்பு நாம பயப்படற அளவுக்குக் கெடுதல் இல்லையாம். ரொம்ப நேரம் பசி தாங்குமாம். உடம்புக்கு நல்லதாக்கூட இருக்கலாமாம்!"

"இருக்கலாம்னுதான் போட்டிருக்கான். டாக்டரு கூடாதுன்னே சொல்லிட்டாரு. பேசாம ரசம் ஊத்திக்கிட்டுச் சாப்பிடுங்க."

அடுத்து வயலுக்கு. எரிவாயுக் குழாய் பதிக்க அதன் நடுவே பள்ளம் தோண்டப்போகிறார்களாம். சம்பா கதிர் பால் பிடித்து நிற்கிறது. அறுவடை வரை பொறுங்கள் என்று இவர் ஏறி இறங்காத படி இல்லை. ஆளுங்கட்சி மேலிடத்தைப் பார்க்கச் சொன்னது. எதிர்க்கட்சி அடுத்த தேர்தலைப் பார்க்கச் சொன்னது. வெறுத்துப்போய், இயந்திரம் வரும் நாளில் வரப்பிலேயே உண்ணாவிரதம் என்று அறிவித்துவிட்டார்.

அன்று காலை மனைவியிடம் வந்து நின்றார்.

"பட்டினி தாங்கணும்னா நெய் வேணும். எனக்கா கேக்கறேன்? வயலுக்குத்தான்."

உண்ணாவிரதத்துக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்சிக்கும் பொதுவான கொள்கை. சாவித்திரியும் வயலை நினைத்துப் பீரோவைத் திறந்தாள். பல மாதப் பசிக்கு மனிதர் பொங்கலில் நெய்யை ஊற்றவில்லை, நெய்யில் பொங்கலைப் போட்டுக்கொண்டார்.

வரப்பில் போட்ட பந்தலில் போய் உட்கார்ந்தவருக்குப் பசி வரவில்லை. தூக்கம் வந்தது. பந்தல் நிழலும் வாய்க்கால் காற்றும் சேர்ந்துகொள்ள, பதாகையைக் கட்டிப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தபோது அவருடைய குறட்டை யார் காதிலும் விழவில்லை. கூட வந்த தாசில்தார், அசையாமல் கிடந்த ஆளைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

பஞ்சநதத்தின் தொப்பை ஏறி இறங்குவதைச் சாவித்திரி பார்த்துவிட்டாள். அடுத்த நொடியே மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஊரே கூடிவிட்டது.

"வண்டியத் திருப்புய்யா!" என்று தாசில்தார் அலறினார். "அறுப்பு முடியற வரைக்கும் இந்த வயல்ல யாரும் கால் வைக்கமாட்டாங்கம்மா. ஊர் முன்னால சொல்றேன். மொதல்ல இவருக்கு மூச்சு இருக்கான்னு பாருங்க!"

இயந்திரம் போனதும் பஞ்சநதம் கண் விழித்தார். நடந்ததைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாடி? நெய்யோட மகிமைய இப்பவாவது ஒத்துக்க!"

சாவித்திரி இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"அவங்கதான் போயிட்டாங்களே, ஏன் அழுவுற?"

"நடிக்கத்தாங்க ஆரம்பிச்சேன். அன்னைக்கும் இதே வரப்புலதான் கெடந்தீங்க. அது ஞாபகம் வந்துச்சு. அப்புறம் நிறுத்த முடியல."

வீட்டுக்குப் போனதும், அவள் பூட்ட மறந்திருந்த பீரோவைப் பஞ்சநதமே பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.