கெஸ்ட் அண்ணன் அம்மாவுக்கு அனுப்பிய குரல்

அன்று மேடையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: மைக் பிடித்த என் மாமா, சவுண்டு சர்வீஸ்காரர், கமிட்டித் தலைவர், காலில் சுளுக்கு விழுந்து ஆட முடியாமல்போன என் அண்ணன், அடம்பிடித்துக் கூடவே வந்த சின்னப்பிள்ளை நான். ஆட்டம் முடிந்ததும் கெஸ்ட் அண்ணன் மேலே ஏறி வந்தார். வேறு யாரும் இல்லை. எனக்கு எதையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற புத்தி. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தது மறந்துபோனாலும் அந்த மேடை மறக்கவில்லை.

சித்தையன்கோட்டைப் பக்கம் தண்ணீர் வற்றிய கண்மாயில் செவன்ஸ் ஃபுட்பால் நடந்தது. ஒரு டீமுக்கு ஏழு பேர். வெளியூர் ஆளை ஒருவரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பெயர் கெஸ்ட் பிளேயர். பேகம்பூர் எங்கள் தெரு டீமுக்கு அந்த வருஷம் வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் மருந்துப் படிப்பு படித்துக்கொண்டிருந்த நைஜீரியாக்காரர். அலைந்து திரிந்து அவரைக் கூட்டிவந்தவர் மாமாதான். லாட்ஜில் போடக் கூடாது, நம் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரே. என் வாய்க்குள் நுழையாத பெயரோடு வந்திருந்ததால் நான் அந்த ஆட்டக்காரரைக் கெஸ்ட் அண்ணன் என்றே கூப்பிட்டேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

பக்ரீத்துக்கு இன்னும் சில வாரம் இருந்தது. வாங்கிவந்த கிடாயை வாசல் நடையில் கட்டியிருந்தோம். கெஸ்ட் அண்ணனுக்கு அதைக் கண்டால் உயிர்போகிற பயம். கடலை ஒட்டிய பெரிய நகரத்தில், நாலாவது மாடி வீட்டில் வளர்ந்தவராம். வெளியே போகவேண்டுமென்றால் முதலில் என்னைத் தேடுவார். நான் கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொண்டதும் சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்து, தாண்டியதும் எனக்கு ஒரு கும்பிடு போடுவார். ஆறடி மனுஷன் எனக்குக் கும்பிடு போட்டதைப் போல அதற்குப் பிறகு யாரும் என்னை மதித்ததில்லை.

அவருடைய அம்மா டீச்சர். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவார். என் அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவர்கள் குழம்புச் சட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள், அவர்கள் தங்கள் பாத்திரத்தைக் காட்டுவார்கள். “பாவம்டி, வெஞ்சனம் ஒண்ணுமில்லாம வெறுஞ்சோத்த திங்கிறாங்க” என்று போனை வைத்ததும் என் அம்மா கவலைப்படுவார். “பெருநாளைக்கு வந்துருப்பா, அம்மா ஆக்கிப்போடுறேன்” என்று கெஸ்ட் அண்ணனிடம் சத்தியமே வாங்கிவிட்டார். அவரும் எங்களிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையில் “வாரேன், வாரேன்” என்றார்.

மாமாவுக்குப் பகலில் செருப்புக் கடை. டோர்னமென்ட் வந்துவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மைக்கோடு உட்கார்ந்துவிடுவார். மாமா வாயில் விழாத ஆள் கிடையாது. குண்டான கோல்கீப்பரை “அரிசி மூட்டை அசையுது பாருங்க” என்பார். கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிப் பையன்களை “கொய்யாக்கா தின்னு தின்னு பந்தையும் கடிச்சுறாதீங்கப்பு” என்பார். கூட்டம் பந்தைப் பார்க்க வந்ததா மாமாவைக் கேட்க வந்ததா என்று சொல்ல முடியாது.

ஃபைனலில் கெஸ்ட் அண்ணன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். செம்மண் புழுதி பின்னால் கிளம்பியது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

“சிங்கம் புலி தொரத்தித் தொரத்தி காட்டுல ஓடிப் பழகுன காலுங்க இது! நம்ம பயலுக தொரத்துனா நிக்குமா?”

கோல் விழுந்தது. கண்மாய்க் கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அண்ணனைச் சுரண்டினேன்.

“புலிக்கு ஓடுனவரு எதுக்குண்ணே நம்ம கெடாக்குப் பயப்படுறாரு?”

“பேசாம இருடி” என்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

கோப்பை வாங்க மேடைக்கு வந்த கெஸ்ட் அண்ணன் வேர்வையைத் துடைத்தபடி அண்ணனிடம் இங்கிலீசில் கேட்டார். பன்னிரண்டாவது முடித்த அண்ணன்தான் எங்களுக்குள் அந்தப் பாஷை தெரிந்தவன். கோல் போடும்போது மைக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாராம். நீங்கள் ரொம்ப வேகம், சாம்பியன் மாதிரி என்று சொன்னார்கள் என்றானாம் அண்ணன். அப்புறம் எதற்கு எல்லாரும் சிரித்தார்கள்? சந்தோஷத்தில் சிரித்தார்கள்.

கெஸ்ட் அண்ணன் முகம் மலர்ந்துபோனது. பையிலிருந்து போனை எடுத்தார். அதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள், வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பவேண்டும் என்றார்.

“என்னப்பு கேக்குறாரு?” என்றார் மாமா.

அண்ணன் தயங்கினான். “ஒண்ணுமில்ல மாமா. நேரமாச்சு, கெளம்புவோம்.”

“போனைத் தூக்கிக் காட்டுறாருல்ல, பேசச் சொல்றாருடா! நம்ம சொன்னது அம்புட்டுப் புடிச்சிருக்கு போல!”

மாமா கெஸ்ட் அண்ணன் தோளில் கைபோட்டு, தன் கையை அவர் கையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். “பாருங்க மக்களே, ரெண்டு பேரும் ஒரே கலரு, எனக்குத் தம்பி மாதிரி” என்று தொடங்கி, சிங்கம், புலி, காடு எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல், முன்னைவிட அழகாக, இழுத்து இழுத்துச் சொன்னார். கெஸ்ட் அண்ணன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிச் சிரித்தார். அண்ணன் மேடையின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மாமாவின் குரல் கடல் தாண்டிப் போகிறதே.

மாமாவிடம் வெறுப்பு ஒரு துளியும் கிடையாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அரிசி மூட்டை என்று பேர் வாங்கிய கோல்கீப்பர் மறுநாள் டீக்கடையில் மாமாவின் வழுக்கையைக் கிண்டல் செய்து கணக்கைத் தீர்த்துக்கொண்டான். கெஸ்ட் அண்ணனுக்கு அந்த வழி இல்லை. அவர் ஊரில் புலியே கிடையாது என்பதுகூட எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

காலேஜுக்குத் திரும்பிப்போன கெஸ்ட் அண்ணன் வருவதாகச் சொன்ன பெருநாள் வந்தது. கறியைப் பங்கு பிரித்தபோது அம்மா ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தார். மத்தியானம்வரை நான் பஸ் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து, “ஏலே, உன் பிரண்டுக்குப் போன் போட்டியா?” என்று அண்ணனைக் கேட்டார். ரிங் போகவில்லை. அண்ணன் போனில் வாட்ஸப்பில் தெரிந்த கெஸ்ட் அண்ணனின் போட்டோவும் ஒரு வாரமாகக் காணாமல்போயிருந்தது. “பரீச்சையா இருக்கும், படிக்கிற புள்ளைல்ல” என்று மாமாவே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு செத்த நேரம் உட்காருவார், மறுபடியும் எழுவார். மடித்த சட்டைக் கையும் அத்தர் வாசனையுமாக அவர் காத்திருந்த காத்திருப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் மொட்டை மாடியில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“ஏண்ணே கெஸ்ட் அண்ணன் வரல?”

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டான். “காலேஜுல தமிழ் தெரிஞ்ச பயலுக இருப்பாங்கள்ல. யாராச்சும் அந்த வீடியோவக் கேட்டுட்டு அர்த்தம் சொல்லிருப்பாங்க.”

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அண்ணன் மேடையில் இங்கிலீசில் சொன்னது அரைகுறைதானே, மாமா பேசினது எவ்வளவு நீளம்!

“அப்ப நல்லதாப் போச்சுண்ணே” என்றேன். “அவுங்க அம்மாவுக்கும் இப்ப முழுசாப் புரிஞ்சிருக்கும்ல?”