கற்பூரம் ஏற்றாமல் காத்திருந்த தளிகை

திருவண்ணாமலை என்றாலே கிரிவலத்துக்கு எப்படிப் போவது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். நான் முதன்முதலாக அங்கே தனியாகப் போனது அதற்கல்ல. எண்பதுகளின் தொடக்கம், புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. என் மனைவி பத்மா மஞ்சள்காமாலையில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் சூப்பர்வைசர். பத்மாவின் பிறந்த வீடு மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில். தளிகைக்கு மாப்பிள்ளை கட்டாயம் வரவேண்டும் என்று மாமியார் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கம் நாமம் போடுகிற வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் பெருமாளுக்கு வீட்டிலேயே சமைத்து, வாழையிலையில் படைத்து, கற்பூரம் ஏற்றி கோவிந்தா சொல்வோம். அதுதான் தளிகை. அதுவரை பெரியவர்கள் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டார்கள். இறந்தது கட்டிக்கொடுத்த பெண் என்பதால் அந்த வீட்டில் தளிகை போடத் தடையில்லை.

வேலூரில் காலை ஆறரை மணி பஸ். போளூர் வழியாக எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் ஏழு ரூபாய்ச் சொச்சம். இன்ஜினில் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று சரியாக அடிக்கவில்லை. வழி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். வேறெதையும் யோசிக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

ஒன்பதரைக்கு இறங்கி ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் ஒரு பாய்.

"கிரிவலமா சார்? இன்னிக்கு பௌர்ணமிகூட இல்லியே."

"அடி அண்ணாமலை. கோதண்டம் வீடு."

"நாமக்காரர் வீடா? மூணு ரூவா குடுங்க. குதிரையும் விரதம் மாதிரிதான் நடக்கும், சொல்லிட்டேன்."

கோதண்டம் பத்மாவின் அண்ணன். ஏரிக்கரையோரம் மணிலா என்கிற வேர்க்கடலை பயிரிடுகிறவர். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்தான். ஆனா இந்த மாசம் பூரா எவனைப் பத்திக் கேட்டாலும் நல்லவன்றாரு சார். என் வண்டியைக் கவுத்துட்டுப் போன லாரிக்காரனையும் பாவம், நல்லவன்னுட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்மாவைத் தூக்குவதற்கு முன்னால், வாசலில் அத்தனை பேர் நடுவில், கோதண்டம் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "மெஷினுக்குச் சூடு ஏறினா ராத்திரியே ஓடுவான். பொண்டாட்டிக்கு ஏறினா ஷிப்ட் முடிஞ்சாத்தான் வருவான்." இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை நான் மறந்துவிட்டேன். கோதண்டம் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் இலை போட்டு எல்லாம் படைத்திருந்தது. அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் பசியோடு நின்றார்கள். கற்பூரத் தட்டு கீழேயே இருந்தது. கோதண்டம் என்னைப் பார்த்ததும் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். நான் பின்னால் நகர்ந்தேன்.

"இன்னா மச்சான் இது? எழுந்திருங்க."

"உங்களைப் பேசிட்டேன் மாப்ளே. மூணு சனிக்கெழம கற்பூரத்தைக் கையில எடுத்தேன். ஏத்த முடியல."

அவர்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். பெருமாளிடமே தப்பு செய்தால் பெருமாள் பொறுத்துக்கொள்வார். ஓர் அடியாரை ஏசினால் அதைப் பெருமாளாலும் பொறுக்க முடியாது. ஏச்சு வாங்கியவர்தான் பொறுக்கவேண்டும். அவர் வாயிலிருந்து முதல் கோவிந்தா வந்தால்தான் கற்பூரம் ஏறும். கல்யாணத்தின்போது பத்மாவோடு சேர்ந்து நானும் தோளில் சங்கு சக்கர முத்திரை வாங்கியவன். அதனால் நானும் அவர்கள் கணக்கில் அடியார். இன்று ஏறாவிட்டால் இந்த வருடம் அந்த வீட்டில் தளிகை இல்லை.

"மன்னிச்சிட்டேன்" என்றேன் உடனே. வேலை முடிந்தது என்று ஷிப்ட் மாற்றும்போது சொல்கிற குரல்.

அவர் தரையிலிருந்து எழவில்லை. "இது வேணாம் மாப்ளே. சும்மா சொல்றீங்க."

"யப்பா கோதண்டம், பெருமாளே இவ்ளோ கண்டிஷன் போடமாட்டாரு. சோறு ஆறுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. "நீங்க சொன்னதுல இன்னா பொய்? நான் ஷிப்ட் முடிஞ்சுதானே வந்தேன்? நெஜத்தைச் சொன்னதுக்கு நான் எதை மன்னிக்கிறது?"

"நெஜம்னா பேசிடலாமா? நீங்களே உங்களை அப்படிப் பேசினாலும் அது அபசாரம்தான்."

அந்தப் பழியை விட்டுவிட்டால் அவள் சும்மா செத்துப்போனவள் ஆகிவிடுவாள், காரணமே இல்லாமல். எனக்கு அதுதான் பயம். வாயைத் திறந்தால் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமியார் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குதுடா உங்க ஞாயம். ஒருத்தன் நான்தான் பாவின்றான், இன்னொருத்தர் இல்ல நான்தான்றாரு. என் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா ரெண்டு பேரும்?"

என்ன சொல்வதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கடைசி நாள் ஆஸ்பத்திரியில, நீங்க வாங்கியாந்த மாதுளம்பழம் ஒரே புளிப்புன்னு திட்டினா மச்சான். எங்கண்ணனுக்குப் பழம் பார்த்து வாங்கத் தெரியாதுன்னா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா."

கோதண்டம் தலையைத் தூக்கினார். "நாலு கடை ஏறி வாங்கினேன்! வாய்க்கொழுப்பு புடிச்ச கழுதை…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "போச்சுடா, யாரையும் ஏசமாட்டேன்னு இருந்த ஒரு மாச விரதம்!"

"தங்கச்சியை ஏசினா கணக்குல வராது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கோதண்டம் தரையில் உட்கார்ந்தபடி சிரித்தார், பிறகு அழுதார். அவருடைய தோளைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கும்போதே "கோவிந்தா" என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு பேரும் பதிலுக்கு கோவிந்தா என்று முழங்கியபோதுதான் முதலில் வந்தது என் குரல் என்று தெரிந்தது. கற்பூரம் ஏறியது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வேலூர் பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி, விடியற்காலையிலேயே கிளம்புங்கள். அண்ணாமலையார் கோயிலுக்குள்ளேயே வேணுகோபாலன் சன்னதி இருக்கிறது, பலர் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். யாராவது தளிகைக்கு அழைத்தால் வெறும் வயிற்றோடு போங்கள். மனத்தாங்கல் இருக்கிற வீடு என்றால் இன்னும் கட்டாயமாகப் போங்கள். மன்னிப்பு தயாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் மன்னித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் கோதண்டம் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் அதற்குப் பிறகு என் மனதுக்குள் வரவில்லை.

இன்னொன்று, சாப்பாட்டைப் பற்றி அங்கே குறை சொல்லாதீர்கள். பெருமாளுக்குப் படைக்கும் முன்னால் யாரும் ருசி பார்க்கக்கூடாது என்பதால் நாக்கில் வைக்காமலே சமைக்கிறார்கள். அன்று சாம்பாரில் உப்பே இல்லை. ஆறு மாதமாக எதிலும் ருசி தெரியாத என் நாக்குக்கு முதல்முறையாக அது தெரிந்தது.

"நல்லா இருக்குது அத்தை" என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.