சூப்புக்கு முன் ஒரு ஜெபம்

அலுவலக நண்பர்களோடு போன தாய்லாந்து உணவகத்தில் சூப் வந்தது. புளிப்பும் மிளகுமான ஆவி, என்னைப் பெங்களூர் பிரேசர் டவுனின் சின்ன சைனீஸ் ஓட்டலுக்குக் கூட்டிப்போனது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஞாயிறு ஆராதனை முடிந்து முதன்முறையாக அங்கே போனோம். சூப் வந்ததும் அப்பா, "கண்ண மூடுங்க, ஜெபம் பண்ணலாம்" என்று உரக்கத் தொடங்கினார். சமைத்தவர், பரிமாறியவர், அவர்களைப் பெற்றவர்கள் என்று ஜெபம் நீண்டது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவர் யாரோ என்பதுபோல நான் சாஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஆமென் சொன்னார்கள். பின்னாலிருந்தும் ஓர் ஆமென் வந்தது. தமிழே தெரியாத மிசோரம் சர்வர், நூடுல்ஸ் தட்டோடு கண்மூடி நின்றிருந்தார். நான்தான் சொல்லவில்லை.

இன்று சூப்பின் முன் தலைகுனிந்து ஜெபத்தை முணுமுணுத்தேன்.

"என்ன சார் ஆச்சு?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"ஒண்ணுமில்ல, மெயில் பார்த்தேன்" என்றேன்.