தங்கையன் சார் சொல்லாமல் விட்டது

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் வந்தது. தங்கையன் சாரின் தம்பி ரத்தினம். "அண்ணன் காலையில தவறிட்டாங்க. ஊருக்குத்தான் எடுத்துட்டு வர்றோம், வந்துருங்க" என்றார். ஊருக்கா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவருடைய சனங்களின் தெருவுக்குள் தங்கையன் கால் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எங்கள் கல்லூரிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வயலில் கூலிக்கு நாற்று நடும் ஆட்களின் தெருவிலிருந்து படித்து வந்த முதல் ஆள், விலங்கியல் ஆசிரியர். நான் தமிழ்த்துறை. காட்டு விலங்கு என்றால் யானை, புலி என்றிருந்த எங்களைக் கோடிக்கரைப் பக்கத்துப் புதர்க்காடுகளுக்கு இழுத்துப்போவார். காய்ந்த எச்சத்தைக் குச்சியால் கிளறிக் காட்டுவார். நண்டு ஓடு இருந்தால் நரி, பழக்கொட்டை இருந்தால் மரநாய். "பெருசையே தேடினா ஒண்ணும் தெரியாது சார், குனிஞ்சு பாருங்க" என்பார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிவதைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள்.

செய்முறைத் தேர்வில் அவருக்கு ஒரு விதி உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில். கூட ஒரு வார்த்தை பேசினால் மார்க் போய்விடும். அந்தப் பழக்கம்தான் அவரைக் கெடுத்தது.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார்கள் நிலத்தைப் பினாமி பெயர்களில் பதுக்கிய காலம் அது. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்குத் தங்கையனின் தெருவையே ஊர் மிராசுதார் காலிசெய்து கிளப்பிவிட்டார். சனங்கள் வாய்க்கால் கரையில் குடிசை போட்டார்கள். அவருடைய அம்மாவும் தம்பியும் அங்கேதான் இருந்தார்கள். ஊரை ஒட்டிய புறம்போக்குப் புதர்க்காட்டில் மனைப்பட்டா கேட்டார்கள். உடனே மிராசுதாருக்கு வனவிலங்குகள் மேல் பாசம் பொங்கிவிட்டது. ஆட்சேபித்து மனுப் போட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, தங்கையனைக் கூப்பிட்டு அந்தக் காட்டில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டார். நரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, மரநாய், முயல், எறும்பு தின்னும் அழுங்கு என்று இவர் சொல்லிக்கொண்டே போனார். அத்தனையும் உண்மை. இந்தச் சனங்களை எங்கே வைப்பது என்று அடுத்துக் கேட்பார் என நினைத்து நின்றார். பக்கத்திலேயே தரிசாகக் கிடந்த பினாமி நிலத்தின் சர்வே எண்கள் அவருக்கு மனப்பாடம். அதிகாரி கோப்பை மூடிவிட்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் தங்கையன் தாலுகா ஆபீசுக்கு ஓடினார். விசாரணை முடிந்துவிட்டது என்றார்கள்.

அவர் சொன்ன பட்டியலையே காரணம் காட்டினார்கள், பட்டா கிடைக்கவில்லை. தெரு அவரைத் தள்ளிவைத்தது. கொஞ்ச காலத்தில் அதே மிராசுதார் காட்டை வளைத்து அழித்துச் சவுக்குத் தோப்பு போட்டார். நரியும் இல்லை, அழுங்கும் இல்லை. தங்கையன் என்னிடம் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். "பொய் சொல்லியிருக்க வேணாம் சார். உண்மையை முழுசா சொல்லியிருக்கணும்."

அதன் பிறகு ஒவ்வொரு மாணவரிடமும் கடைசியாக, "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். பிள்ளைகள் அதைப் பொறி என்று நினைத்து முழிப்பார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

அடக்கம் முடிந்ததும், அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று ரத்தினத்திடம் சொல்லி, அந்தக் கேள்வியையே கேட்டேன். அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

"அந்த வாய்க்கா கரையில எங்க அம்மா வெள்ளத்துல போச்சு. அண்ணன் ஓடி வந்தாங்க. ஒரு பிடி மண்ணு போடக்கூட நாங்க விடல. அதையும் எழுதுங்க."