சவரிமுத்து எழுந்து நின்ற பாட்டு

ரைட்டர் சவரிமுத்து இறந்துவிட்ட செய்தியை ஏற்காடு கடைவீதியில் கேசட் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வரச் சொன்னேன். "இல்லீங்க, கடையத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கேன். நீங்க போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தீங்களாமே, அது போதுமுங்க" என்றார். போய்ப் பார்த்தது உண்மைதான். போகாமலே இருந்திருக்கலாம்.

ஏற்காட்டில் அவரை அறிந்த உங்களிடம் அவர் தங்கமான மனிதர் என்று எழுதினால் சிரிப்பீர்கள். நம்மில் அவர் வாயில் விழாதவர் யார்? மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அவர்; ஆபீஸ் முழுவதும் அவர் கைக்குள் இருந்தது. நான் அங்கே டைப்பிஸ்ட். மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டு நின்ற வாழவந்தி ஊர்த் தொழிலாளி ஒருவரிடம், "ஏனுங்க, மாப்பிள்ளயே நீங்கதானுங்களா? ஒரு நாள் போதும், போங்க" என்றார். அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் சிரித்து வைக்க முயன்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, நாங்கள் துரை என்று அழைக்கும் எஸ்டேட் மேனேஜர் உள்ளே வந்தபோது எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். துரை போனதும் சவரிமுத்து என் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார். அன்று சாயங்காலம் வரை நின்றுகொண்டே டைப் அடித்தேன். "வாசல்ல ஜீப்பு நிக்கறப்பவே எந்திரிச்சரோணும் அம்மிணி. தொரை மூஞ்சியப் பாத்தப்பறம் எந்திரிச்சா அது மரியாத இல்ல, பயம்" என்றார். ஒரு மாதத்தில் என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, துரை வந்தாலே தானாக எழப் பழகிவிட்டது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சேலத்துப் பையன்கள் நான்கு பேர் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸுமாகத் தாங்களே எழுதிய தமிழ்ப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். சினிமாப் பாட்டுப் பக்கமே போகமாட்டார்கள். யாரும் சீந்தாததால் தாங்களே ஒரு கேசட் போட்டுக் கடை கடையாகக் கொடுத்தார்கள். ஜாபர் பாய் கடையில் அதை வாங்கிய ஒரே ஆள் சவரிமுத்து. துரை பங்களாவுக்குப் போன பிறகு அது ஆபீஸில் ஓடும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மலைப்பாதையில் நடந்தே ஊர் வந்து சேர்கிற பாட்டு ஒன்று அதில் உண்டு. அது வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார். "இந்தப் பசங்க பாட்டுல ஒரு பொய்யில்ல அம்மிணி" என்பார். எனக்கும் அந்தப் பாட்டென்றால் உயிர். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்கள் ஏற்காட்டுக்கே வந்தார்கள். ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் கச்சேரி. எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் மர நாற்காலிகள். யாரும் எழுந்து ஆடக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது, உட்கார்ந்தே கேட்க வேண்டும் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். பாதி அரங்கம் காலி. வந்தவர்களும் சினிமாப் பாட்டு கேட்டுச் சத்தம் போட்டார்கள். பாடகன் முரளிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னியோட விட்டுரலாம்னு பஸ்ஸுல பேசிக்கிட்டேதாங்க வந்தோம். இது கடைசிப் பாட்டு" என்றான்.

எங்கள் பாட்டேதான். சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு பாதியில் இருக்கும்போது பக்கத்துக் கதவு வழியாகத் துரையும் அவர் வீட்டம்மாவும் உள்ளே வந்தார்கள். கதவுச் சத்தத்தில் கண் திறந்த சவரிமுத்து சட்டென்று எழுந்தார். நானும் எழுந்தேன். எங்களைப் பார்த்து எஸ்டேட்காரர்கள் எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. மேடை வெளிச்சத்தில் முரளிக்குத் துரை தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்ததும், அவரைத் தொடர்ந்து ஓர் அரங்கமே எழுந்து நிற்பதும்தான் தெரிந்தது. பாட்டை நிறுத்திவிட்டு அழுதான். "எந்த ஊர்லயும் எங்களுக்கு யாரும் எந்திரிச்சதில்லீங்க. இனி விடமாட்டோம்" என்று சொல்லி, முதலிலிருந்து திரும்பப் பாடினான். அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை.

முடிந்ததும் அவன் இறங்கி வந்து சவரிமுத்துவின் கையைப் பிடித்தான். "நீங்கதானுங்க மொதல்ல எந்திரிச்சீங்க, நான் பாத்தேன்."

"உங்க பாட்டுக்கு எந்திரிக்கலீங்க தம்பி. எங்க தொரை உள்ள வந்தாருங்க. அதுக்குத்தான் எந்திரிச்சோம்."

முரளி வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "அவர் சும்மா சொல்றாருங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வரும் வழியில், ஏனுங்கண்ணா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பாட்டுக்கு எந்திரிக்கோணும்னு எத்தன நாளா நெனச்சிருந்தேன். அது நடக்கறப்ப தொரைக்கு எந்திரிச்சுட்டு, அவங்கிட்ட நன்றிய வாங்கிக்கச் சொல்றியா?" என்றார். அந்த மாதமே பையன்கள் கிடாரை விற்றுவிட்டுப் பிரிந்துபோனதாக ஜாபர் பாய் சொன்னார். இரண்டாவது கேசட் வரவேயில்லை. அதன்பின் ஆபீஸில் பாட்டு ஓடவில்லை. சவரிமுத்து இன்னும் கடுமையானார், அவ்வளவுதான்.

போன வாரம் சேலம் ஆஸ்பத்திரியில் பாதியாக இளைத்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் சுகம் விசாரிக்கவில்லை. "அம்மிணி, அன்னிக்கு அந்தப் பையங்கிட்ட நான் சொன்னது தப்பா?" என்றார். இல்லை என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். சாகப்போகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? "தப்புத்தானுங்க. அந்தப் பையனக் கொன்னுட்டீங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

யார் மனதையும் பார்த்துப் பேசாத வாய் அது. ஆனால் அன்று நானும் தலையாட்டினேன் என்பதை இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சொல்லிக்காட்டவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்தபோதும் சொல்லவில்லை. சவரிமுத்துவிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே இரக்கம் அது. அதை நான் அவருக்குத் திருப்பித் தரவில்லை.