தேன்சிட்டு முந்திய செம்பருத்தி

பள்ளங்கியில் பூண்டு விவசாயம் செய்யும் அன்னக்கொடிக்கு, வண்டோ குருவியோ வாய் வைக்காத பூவைத்தான் முருகனுக்குச் சாத்த வேண்டும். சித்திரையில் கொல்லைச் செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. ஆனால் அவள் வெள்ளனே எழுந்து போனாலும் தேன்சிட்டு ஒன்று முந்திக்கொண்டது. பொறுத்துப் பார்த்தவள், ஒரு சாயங்காலம் செடியைப் பழைய சேலையால் மூடினாள். விடிந்ததும் சிட்டு சேலைமேல் உட்கார்ந்து ஊரைக் கூட்டியது.

“பூவையெல்லாம் எச்சிலாக்கிட்டு, அது வாயப் பாருங்க!” என்றாள்.

கணவர் குழந்தைவேல் சிரித்தார். “ஏ புள்ள, மயில்மேல ஏறிச் சுத்துற சாமி, ஒரு குருவி குடிச்சதுக்கா கோவிச்சுக்கப் போறாரு?”

அன்னக்கொடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேலையை உருவினாள். சிட்டு தலைகீழாகத் தொங்கிப் பூப்பூவாகக் குடித்தது.

“வெரசா குடி ஆத்தா, பூசைக்கு நேரமாச்சு” என்று கூடையோடு காத்து நின்றாள்.